அயனி சேனல் ஆன்டிபாடி பரிசோதனை: ரத்தம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஆன்டிபாடி பேனல் ஒன்று அனுப்பிப் பார்த்துவிடலாம்" (பல ஆன்டிபாடிகளை ஒரே தொகுப்பாகப் பார்க்கும் பரிசோதனை) என்று நரம்பியல் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், அடுத்து எங்கே போவது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். என் அப்பாவுக்கு வலிப்பும் நினைவுத் தடுமாற்றமும் தரும் எல்ஜிஐ1 ஆன்டிபாடி இருப்பது உறுதியாவதற்குள் காலாவதியான பரிசோதனை, சிகிச்சை தொடங்கிய பிறகு எடுத்த ரத்தம், ஆய்வகம் ஏற்காமல் திருப்பிய மாதிரி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். எந்த ஆன்டிபாடி, எந்த முறை, ரத்தமா தண்டுவட நீரா, எந்தச் சிகிச்சைக்கு முன்னால், இந்த 4 கேள்விகளுக்கும் ஊசி குத்துவதற்கு முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை, நோயாளியோடு கூடவே இருந்தவன். என்ன சிகிச்சை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும்.

1. எந்த ஆன்டிபாடியைத் தேடுகிறோம் என்று கேளுங்கள்

நரம்பு செல்களின் சுவரில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகள் போய்வரும் புரதத் துவாரங்கள் உண்டு. அவைதான் அயனி சேனல்கள். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் இவற்றையோ, இவற்றோடு ஒட்டியிருக்கும் புரதங்களையோ தவறாக எதிரி என்று நினைத்து, ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கித் தாக்கினால், எந்தச் சேனல் அடிவாங்குகிறதோ அதற்கேற்ற மாதிரி நோய் வரும். அதனால் அறிகுறிதான் பரிசோதனையைத் தீர்மானிக்கிறது.

காலையில் நன்றாக இருந்து மாலையானால் இமை தொங்குகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது, சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்துபோகிறது என்றால் மையஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் சந்தேகம். அதற்கு அசிடைல்கோலின் ரிசப்டர் ஆன்டிபாடி பார்ப்பார்கள். உடல் முழுக்கப் பாதித்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவாக வரும், கண்ணோடு நின்றவர்களில் பாதிப் பேருக்குத்தான் வரும். நெகட்டிவ் என்றால் அடுத்துப் பார்ப்பது மஸ்க் என்ற இன்னொரு தசைப் புரதத்துக்கான ஆன்டிபாடி.

தொடை பலவீனம், வாய் வறட்சி, கொஞ்சம் தசையை இறுக்கியதும் தற்காலிகமாக பலம் கூடுவது, இது லாம்பர்ட்-ஈட்டன் என்ற இன்னொரு தசை பலவீன நோயின் பக்கம் போகிறது. அங்கே தேடுவது பி/க்யூ வகைக் கால்சியம் சேனல் ஆன்டிபாடி, ரிப்போர்ட்டில் விஜிசிசி என்று இருக்கும். தசை ஓயாமல் துடிக்கிறது, பிடித்துக்கொள்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கமே இல்லை என்றால் காஸ்பர்2 ஆன்டிபாடி. எழுந்து நின்றால் மயக்கம், மலச்சிக்கல், கண்ணும் வாயும் உலர்ந்துபோவது என்று தானியங்கி நரம்புகள் மொத்தமாகப் படுத்தால் நரம்பு முடிச்சுகளில் உள்ள அசிடைல்கோலின் ரிசப்டருக்கான ஆன்டிபாடி. இதன் பெயர் மையஸ்தீனியா பரிசோதனையின் பெயரைப் போலவே இருக்கும், ஆனால் இரண்டும் வேறு, சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இள வயதில் திடீரென்று மனநோய் போல ஆரம்பித்து, வலிப்பு, வாய் கோணுவது, பேச்சு நிற்பது என்று போனால் மூளையின் என்எம்டிஏ ரிசப்டருக்கான ஆன்டிபாடி.

அப்பாவுக்கு வந்தது இன்னொன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்க முகம் சட்டென்று இழுக்கும், அதே பக்கக் கை முறுக்கிக்கொண்டு மேலே போகும், இரண்டு விநாடியில் சரியாகிவிடும். கையில் டீ டம்ளர் இருந்தால் சிந்தும். ஒரு நாளில் எத்தனையோ தடவை. இதை "நடுக்கம்", "பதற்றம்" என்று சொல்லித் தள்ளிவிட மிகவும் எளிது, ஆனால் இது எல்ஜிஐ1 ஆன்டிபாடிக்கே உரிய ஒரு வலிப்பு வகை. மூளை மின் அலைப் பதிவான இஇஜி இதில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ரத்தத்தில் சோடியம் குறைவது, நினைவு தடுமாறுவது இரண்டும் கூடவே இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முன்னால் அது வராமல் போகலாம்.

2. "எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள்

பெரிய பேனல் அனுப்பினால் ஒன்றும் தவறிப்போகாது என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பரிசோதனை 100 நோயற்றவர்களில் ஒருவருக்கு மட்டும் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், அது நல்ல பரிசோதனைதான். அறிகுறியைச் சரியாகப் பார்க்காமல் 1,000 பேருக்கு அனுப்பினால், அதில் உண்மையான நோயாளிகள் 10 பேர் என்றால், மீதி 990 பேரில் சுமார் 10 பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரும். அதாவது பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை! இதே போல 10 ஆன்டிபாடிகளை ஒன்றாக அனுப்பினால், நோயே இல்லாத ஒருவருக்கு ஏதாவது ஒன்று பாசிட்டிவாக வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஸ்டீராய்டு, ஸ்கேன், பயம் என்று மாதக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும்.

அதனால் ஆன்டிபாடிக்கு முன்னால் செய்ய வேண்டிய எளிய பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். தசை பலவீனம் என்றால் நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் மின் பரிசோதனை: விநாடிக்கு 2 அல்லது 3 தூண்டலில் தசையின் மின் அலை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது மையஸ்தீனியாவின் பக்கம் கைகாட்டும், சில விநாடி தசையை இறுக்கிய பிறகு அதே அலை இரு மடங்காகப் பெருகினால் லாம்பர்ட்-ஈட்டன் பக்கம். இது பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும் பரிசோதனை. வலிப்பு, குழப்பம் என்றால் எம்ஆர்ஐ, இஇஜி, சோடியம். காரணம் தெரியாத வலிப்புக்கும் மூளைக் கோளாறுக்கும் ஏபிஇ2 என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆன்டிபாடி பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது என்பார்கள். "இவருக்கு எத்தனை மதிப்பெண் வருகிறது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

3. எந்த முறையில் பார்க்கிறார்கள் என்பதை ஆய்வகத்திடமே கேளுங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். ஒரே பெயரில் உள்ள பரிசோதனை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முறையில் நடக்கிறது.

முதலாவது, ஆர்ஐஏ என்கிற கதிரியக்க முறை. ஒரு சேனலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் விஷம் இயற்கையில் இருக்கிறது. கட்டுவிரியன் இனப் பாம்பின் விஷத்திலிருந்து வரும் ஆல்ஃபா-பங்காரோடாக்சின் தசையின் அசிடைல்கோலின் ரிசப்டரைப் பிடிக்கும், கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து வரும் ஒமேகா-கோனோடாக்சின் கால்சியம் சேனலைப் பிடிக்கும், மாம்பா பாம்பின் டென்ட்ரோடாக்சின் பொட்டாசியம் சேனலைப் பிடிக்கும். அந்த விஷத்தில் அயோடின்-125 என்ற கதிரியக்க அடையாளம் ஏற்றி, அது பிடித்த சேனலை நோயாளியின் சீரத்தோடு (ரத்தம் உறைந்த பிறகு பிரித்தெடுக்கும் தெளிவான நீர்) கலக்கிறார்கள். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது அந்தச் சேனலையும் சேர்த்துக் கீழே இழுத்துப் படியவைக்கும். படிந்ததில் எவ்வளவு கதிரியக்கம் என்று எண்ணினால் அளவு எண்ணாகவே கிடைத்துவிடும். மையஸ்தீனியாவுக்கும் லாம்பர்ட்-ஈட்டனுக்கும் இன்றைக்கும் இது நம்பகமான முறை.

பொட்டாசியம் சேனலில்தான் பிரச்சினை. மூளைத் திசுவைக் கரைத்து எடுக்கும்போது சேனல் தனியாக வராது, அதோடு ஒட்டிய புரதங்களும் கொத்தாகவே வரும். இந்தப் பொட்டாசியம் சேனல் பரிசோதனையின் பெயர் விஜிகேசி, அதில் பாசிட்டிவ் என்று வந்த பலருக்கு ஆன்டிபாடி சேனலைத் தொடுவதே இல்லை, கூட ஒட்டிக்கொண்டிருக்கும் எல்ஜிஐ1 அல்லது காஸ்பர்2 புரதத்தைத்தான் தொடுகிறது என்பது 2010-இல் தெரியவந்தது. அது மட்டுமா, திசுவைக் கரைக்கும்போது செல்லின் உள்ளே இருக்கும் பகுதிகளும் வெளிப்பட்டுவிடுவதால், உயிருள்ள செல்லில் ஆன்டிபாடியால் எட்டவே முடியாத இடங்களுக்கு எதிரானவையும் பாசிட்டிவாக எண்ணப்படும். எனவே விஜிகேசி பாசிட்டிவ், எல்ஜிஐ1 நெகட்டிவ், காஸ்பர்2 நெகட்டிவ் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் அதைத் தன்னெதிர்ப்பு நோய்க்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்களுக்கு முதலில் வந்தது வெறும் விஜிகேசி எண் ஒன்று மட்டும். சீட்டில் பழைய பெயர் இருந்தது, ஆய்வகமும் கேள்வி கேட்காமல் செய்து கொடுத்துவிட்டது. உங்கள் சீட்டில் விஜிகேசி என்று மட்டும் இருந்தால், "எல்ஜிஐ1, காஸ்பர்2 தனித்தனியாக" என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, செல் அடிப்படையிலான முறை, சிபிஏ என்பார்கள். மனித சிறுநீரக செல் வகை ஒன்றை வளர்த்து, தேவையான புரதத்தை மட்டும் அதன் மேல் உருவாக்கி, சீரத்தை ஊற்றி, ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் ஒளிரும்படி செய்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எல்ஜிஐ1, காஸ்பர்2, என்எம்டிஏ ஆகியவற்றுக்கு இதுதான் வேண்டும். இதிலும் பதப்படுத்தி நிலைநிறுத்திய செல், உயிருள்ள செல் என்று இரண்டு உண்டு. கிட்டாக விற்பது பெரும்பாலும் முதல் வகை. உயிருள்ள செல்லில் செய்வது பெரிய ஆராய்ச்சி மையங்களில் மட்டும் நடக்கும். அறிகுறி அப்படியே பொருந்துகிறது, கிட்டில் நெகட்டிவ் என்றால் இரண்டாவது வகைக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். மையஸ்தீனியாவில் ஆர்ஐஏ நெகட்டிவ் ஆனவர்களில் சிலருக்கு, ரிசப்டர்களை நெருக்கமாகக் குவித்துவைத்த செல்களில் பார்க்கும்போது பாசிட்டிவ் வருவதுண்டு.

மூன்றாவது, எலி மூளையின் மெல்லிய சீவலில் சீரத்தைப் போட்டுப் பார்ப்பது. பெயர் தெரியாத ஆன்டிபாடி இருந்தாலும் இதில் ஒரு சாயல் தெரியும். கிட்டில் மங்கலான பாசிட்டிவ் வந்தால் அது நிஜமா என்று சரிபார்க்க இது நல்ல துணை.

4. ரத்தமா, தண்டுவட நீரா?

முடிந்தால் இரண்டும், ஒரே நாளில். என்எம்டிஏ சந்தேகம் என்றால் தண்டுவட நீர் கட்டாயம் வேண்டும். ரத்தத்தை மட்டும் பார்த்தால் சுமார் 15 சதவீதம் பேர் தவறிப்போவார்கள். எல்ஜிஐ1-க்கு இது தலைகீழ்: ரத்தத்தில் பாசிட்டிவாக இருக்கும், தண்டுவட நீரில் நெகட்டிவாக வரலாம். "முதுகிலிருந்தே எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை" என்று எல்ஜிஐ1-ஐ மூடிவைத்துவிட்டால், ரத்தத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். மையஸ்தீனியா, லாம்பர்ட்-ஈட்டன் இரண்டுக்கும் ரத்தம் போதும்.

5. சிகிச்சைக்கு முன் ஒரு ட்யூப் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கானவர்கள் தானம் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து சேர்த்த ஆன்டிபாடிக் கலவை. அது ஏறிய பிறகு ரத்தம் எடுத்தால், அந்தத் தானக்காரர்களின் ஆன்டிபாடியே உங்கள் ரிப்போர்ட்டில் பாசிட்டிவாக வரலாம். உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 3 வாரம் ஆகும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை எதிர்ப்பக்கம் இழுக்கும், நிஜமான ஆன்டிபாடியையே வெளியேற்றிவிடும், அடுத்து எடுக்கும் ரத்தம் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஸ்டீராய்டும் நாளாக ஆக அளவைக் குறைக்கும்.

அவசரத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, தள்ளிப்போடவும் கூடாது. ஐவிஐஜி பாட்டிலை மாட்டுவதற்கு 5 நிமிடம் முன்னால் ஒரு ட்யூப் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, உறைய வைத்துவிட்டால் போதும். எந்த ஆய்வகம், எந்தப் பரிசோதனை என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம். வார்டு நர்ஸிடம் கேட்டால் செய்வார்கள், ஆனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். அண்மையில் கதிரியக்க மருந்து செலுத்தி ஸ்கேனோ சிகிச்சையோ செய்திருந்தால் ஆர்ஐஏ எண்ணிக்கை குழம்பிவிடும், ஆய்வகத்திடம் முன்பே சொல்லுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், சில வகை ரசாயனப் பரிசோதனைகளில் அது குறுக்கிடும்.

6. ட்யூப், லேபிள், அனுப்புதல்

வேண்டியது சீரம். அதனால் எதுவும் கலக்காத சாதா ட்யூப் அல்லது ஜெல் ட்யூப். ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ போட்ட ஊதா மூடி ட்யூபில் எடுத்தால் கிடைப்பது பிளாஸ்மா, பல ஆய்வகங்கள் அதை ஏற்காது. எடுத்த ரத்தம் உறைந்ததும் சுழற்றிச் சீரத்தைத் தனி ட்யூபுக்கு மாற்ற வேண்டும். முழு ரத்தத்தை அப்படியே உறைய வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி சிவந்துபோகும், அதுவும் திரும்பி வரும். சீரம் 2 முதல் 3 மில்லி, தண்டுவட நீர் 1 முதல் 2 மில்லி கேட்பார்கள். சில நாளுக்கு 2 முதல் 8 டிகிரி போதும், அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 20. உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி நடக்கவே கூடாது.

லேபிளை நீங்களே ஒருமுறை படியுங்கள். பெயர், மருத்துவமனை எண், எடுத்த தேதி, நேரம், அப்புறம் இது சீரமா தண்டுவட நீரா என்பது. பிரித்த பிறகு இரண்டுமே சின்ன பிளாஸ்டிக் ட்யூபில் தெளிவான திரவம், எழுதாவிட்டால் அங்கே இருப்பவருக்கு எது எதுவென்று தெரிய வழியே இல்லை. எங்கள் மாதிரி ஒன்று திரும்பியது இதனால்தான்: ட்யூபில் இருந்த பெயரின் எழுத்தும் படிவத்தில் இருந்த பெயரின் எழுத்தும் ஒத்துப்போகவில்லை.

வெளி ஊருக்கோ வெளி நாட்டுக்கோ போகிறதென்றால் மூன்று அடுக்குப் பொதி, மேலே யுஎன் 3373 என்ற அடையாளம், உலர் பனிக்கட்டி. இதை நீங்களே கட்டி அனுப்ப முயல வேண்டாம், ஆய்வகம் மூலமாகவே போகட்டும். வார இறுதிக்கு முந்தின நாள் மட்டும் அனுப்பாதீர்கள், பொதி எங்காவது கிடங்கில் கிடந்து பனிக்கட்டி தீர்ந்துவிடும்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பரிசோதனைப் பெயரும் முறையும் எழுதிய மருத்துவரின் சீட்டு. அறிகுறி எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மருந்து எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கச் சுருக்கம், இதை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வைத்தால் காப்பீட்டுக்கும் ஆகும். எம்ஆர்ஐ, இஇஜி, மின் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். வெளி நாட்டுக்கு அனுப்பினால் ஒப்புதல் படிவம் தனியாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து ஒரே இடத்தில் வையுங்கள்.

8. செலவு

ஒரே ஒரு ஆன்டிபாடிக்கும் முழுப் பேனலுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு இருக்கும், அதனால் 1-ஆம் படி பணத்தையும் மிச்சப்படுத்தும். விலை கேட்கும்போது "பரிசோதனைக்கு எவ்வளவு" என்பதோடு நிறுத்தாதீர்கள். தண்டுவட நீருக்குத் தனிக் கட்டணமா, குளிர் பொதிக்கும் கூரியருக்கும் யார் கொடுப்பது, பாசிட்டிவ் வந்தால் அளவு கண்டுபிடிக்கத் தனியாகக் கேட்பார்களா, மாதிரி கெட்டுப்போனால் திரும்பப் பணம் கட்ட வேண்டுமா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். காப்பீடு இருந்தால் முன் அனுமதி முதலில், ரத்தம் அடுத்து. வெளியே அனுப்பும் பரிசோதனையை உள்நோயாளி பில்லில் சேர்க்கிறார்களா என்பதையும் கேளுங்கள், சில இடங்களில் சேர்க்க மாட்டார்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்?

உள்ளேயே கிட் வைத்துச் செய்யும் இடத்தில் சில நாள். வெளியே அனுப்பினால் 2, 3 வாரம் ஆகலாம். ஆர்ஐஏ இன்னும் தாமதிக்கும், ஏனென்றால் அயோடின்-125 சுமார் 60 நாளில் பாதியாகிவிடும், ஒவ்வொருவருக்கும் தனியாக ஓட்டினால் கட்டுப்படியாகாது, மாதிரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் ஓட்டுவார்கள். "அடுத்த தொகுதி என்றைக்கு?" என்று கேட்டு, அதற்கு முந்தின நாளாவது மாதிரி போய்ச் சேரும்படி பாருங்கள்.

ரிப்போர்ட் வரும் வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். தன்னெதிர்ப்பு மூளை அழற்சிக்கு 2016-இல் வெளியான சர்வதேச அளவுகோல்களே அறிகுறி, எம்ஆர்ஐ, தண்டுவட நீர், இஇஜி இவற்றை வைத்து "இருக்கலாம்" என்று முடிவெடுத்துச் சிகிச்சை தொடங்க இடம் தருகின்றன. ஆன்டிபாடி அதை உறுதிப்படுத்தப் பிறகு வரும். "ரிப்போர்ட் வரட்டும்" என்று நாள் போய்க்கொண்டே இருந்தால் நேரடியாகக் கேளுங்கள்.

10. ரிப்போர்ட்டைப் படிப்பது

எண்ணை விட அலகை முதலில் பாருங்கள். அசிடைல்கோலின் ரிசப்டர் நானோமோலில் வரும், விஜிசிசி பெரும்பாலும் பிகோமோலில் வரும், 1 நானோமோல் என்பது 1,000 பிகோமோல். எல்லைக்கோடும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஓரிடத்து 0.3-ஐ இன்னோரிடத்து 0.3-உடன் ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். விஜிசிசி, நரம்பு முடிச்சு ரிசப்டர் இரண்டும் எல்லைக்குச் சற்று மேலே வந்தால், அறிகுறியும் மின் பரிசோதனையும் ஒத்துப்போகாதவரை, அதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மையஸ்தீனியாவில் அசிடைல்கோலின் ரிசப்டர், மஸ்க் இரண்டு ஆன்டிபாடியும் நெகட்டிவாக இருந்தும் நோய் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. மாதிரி எப்போது எடுத்தது, எந்த முறை என்று திரும்பிப் பாருங்கள், சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி வேறு முறையில்.

11. பாசிட்டிவ் வந்த பிறகு

ஒவ்வொரு மாதமும் அளவைப் பார்க்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். அசிடைல்கோலின் ரிசப்டர் எண் அதிகமாக இருப்பவர் லேசான நோயோடும், குறைவாக இருப்பவர் கடுமையான நோயோடும் இருப்பது சாதாரணம். அப்பாவுக்கு முன்னேற்றத்தைக் காட்டியது அந்தக் கை இழுப்பின் எண்ணிக்கைதான், ஒரு நோட்டில் தினமும் குறித்துக்கொண்டே வந்தோம்.

மறக்கக் கூடாதது, கூடவே கட்டி ஏதும் இருக்கிறதா என்ற தேடல். மையஸ்தீனியாவில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு நெஞ்சில் தைமஸ் கட்டி இருக்கும், நெஞ்சு சிடி எடுத்தே ஆக வேண்டும். காஸ்பர்2-விலும் சிலருக்கு அதே கட்டி. என்எம்டிஏ வந்த இளம் பெண்களுக்குச் சினைப்பையைப் பார்க்க வேண்டும். லாம்பர்ட்-ஈட்டனில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறு செல் நுரையீரல் புற்றுநோய் இருக்கும், பலருக்குப் பலவீனம்தான் முதலில் தெரியும், கட்டி பின்னால்தான் படத்தில் வரும். முதல் சிடி சுத்தமாக இருந்தாலும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டு வரை திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அடுத்த தேதியை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.